ஒளிவாளுக்கு எந்தச் சவுண்ட் போர்ட்? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் ஒளிவாளை (லைட்சேபர்) இணையத்தில் தேடுகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழப்பம் வந்துவிடும். ஒரே கைப்பிடி, ஒரே அலுமினியம், ஒரே நிறம். ஆனால் விலை மட்டும் மூன்று விதம். படத்துக்குக் கீழே 'ஆர்ஜிபி', 'ஸீனோபிக்சல்', 'புரொஃபி' என்று தெரிவுகள் இருக்கும். மலிவானதிலிருந்து அடுத்ததற்குப் போனாலே விலை கணிசமாக ஏறிவிடும். கைப்பிடியில் எதுவும் மாறவில்லை, மாறுவது உள்ளே இருக்கும் பெருவிரலளவு சுற்றுப்பலகைதான். அதைத்தான் சவுண்ட் போர்ட் என்கிறார்கள். சில தெரிவுகளில் அதோடு சேர்ந்து அலகும், அதாவது ஒளிரும் குழாயும், மாறும்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். லங்கா கொமிக் கொன் ரசிகர் விழாவுக்கு வேடமிட்டுப் போக ஒன்று வேண்டும் என்பவர்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்குபவர்கள், கைப்பிடியைத் தாங்களே கடைந்து உள்ளே பொருத்தப் பார்ப்பவர்கள் என்று பல வகையினர் இருக்கிறார்கள். விற்பவர்கள் தரும் அம்சப் பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பட்டியலில் எல்லா போர்டும் எல்லாம் செய்யும். பார்க்க வேண்டியவை இரண்டுதான். வாளை வீசும்போது ஒலி கையோடு சேர்ந்து வருகிறதா? பழுதானால் உங்கள் மேசையில் வைத்தே சரிசெய்ய முடியுமா? நம் ஊரில் இரண்டாவது கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த வாளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பினால் தபால் செலவே போர்டின் விலையை நெருங்கிவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு சாதாரண ஒளிவாளைக் கழற்றினால் கிடைப்பவை மிகக் குறைவு. நீளமான லித்தியம் பற்றறி ஒன்று, பெரும்பாலும் 18650 என்ற அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கர். ஒன்றோ இரண்டோ சுவிட்ச். சார்ஜ் செய்யும் துளை. மேலே அலகைப் பொருத்தும் இடம். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் போர்ட்.

போர்டில் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அசைவை அளக்கும் உணரி ஒன்று கை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எங்கே திடீரென நிற்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். மெமரி கார்டிலிருந்து ஒலிக் கோப்புகள் வாசிக்கப்படும். நடுவிலுள்ள சிப் அந்த ஒலிகளைக் கலந்து ஆம்பிளிஃபையருக்கு அனுப்பும். கூடவே அலகின் நிறத்தையும் பிரகாசத்தையும் ஒவ்வொரு கணமும் கணக்கிட்டு அனுப்பும். இந்த நான்கில் எங்கே சமரசம் செய்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தால் போர்ட்களை ஒப்பிடுவது சுலபமாகிவிடும்.

ஒலி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஒளிவாளின் ஒலி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் போர்ட் செய்ய வேண்டிய வேலையும் விளங்கும். 1977-இல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒலி வடிவமைத்தவர் பென் பர்ட். பழைய திரைப்பட புரொஜெக்டர் ஒன்றின் மோட்டார் எழுப்பிய ரீங்காரத்தை எடுத்தார். பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க்கு அருகே மைக்ரோஃபோன் போனபோது அதில் ஏறிய இரைச்சலையும் எடுத்தார். இரண்டையும் கலந்ததுதான் அந்த 'ம்ம்ம்' ஒலி. அது அசையாத வாளுக்குப் போதும். அசையும் வாளுக்கு என்ன செய்வது? அந்த ரீங்காரத்தை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் இன்னொரு மைக்ரோஃபோனைக் கையால் வீசிப் பதிவு செய்தார். மைக் கிட்டே வரும்போது சுருதி கொஞ்சம் ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் நம்மைக் கடந்து போகும்போது அதன் ஹோர்ன் சத்தம் மாறுவதற்குக் காரணமான அதே டொப்ளர் விளைவு.

ஆக, வீச்சின் ஒலி தொடக்கத்திலேயே ஒரு கையின் அசைவிலிருந்து வந்தது. ஒரு நல்ல போர்ட் திரும்பச் செய்ய வேண்டியதும் அதைத்தான்.

மலிவான போர்ட்களும் பழைய போர்ட்களும் இதைச் செய்வதில்லை. அவற்றில் 'வீச்சு' என்பது முன்பே பதிவு செய்த ஒரு சிறு கோப்பு. கை ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அந்தக் கோப்பு தொடங்கும், முழுவதும் ஓடி முடியும். நீங்கள் பாதியில் கையை நிறுத்தினாலும் ஒலி நிற்காது. மெதுவாக அசைத்தால் ஒன்றுமே கேட்காது. அதிலும் பழைய வகையில் இன்னொரு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் வாசிக்க முடியும் என்பதால் ரீங்காரத்தை நிறுத்திவிட்டு வீச்சைப் போடும், அது முடிந்ததும் ரீங்காரத்துக்குத் திரும்பும். அந்த இணைப்பு காதுக்குத் தெரிந்துவிடும். பிறகு வந்த போர்ட்கள் பல கோப்புகளை ஒன்றாகக் கலந்து வாசிக்கப் பழகின. கோயில் நாதஸ்வரத்தில் ஒத்து விடாமல் ஊதிக்கொண்டே இருக்க, அதன் மேல் நாதஸ்வரம் வாசிப்பது போல, ரீங்காரம் அடியில் தொடர்ந்து ஓட மற்ற ஒலிகள் அதன் மேல் ஏறின.

அப்புறம் வந்ததுதான் 'ஸ்மூத் ஸ்விங்'. விற்பனைப் பக்கங்களில் இந்தச் சொல்லை அடிக்கடி காண்பீர்கள், ஆனால் விளக்கம் இருக்காது. இதில் வீச்சொலிகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: ஒன்று தாழ்ந்த சுருதி, மற்றது உயர்ந்த சுருதி. வாள் அசையாதபோது இரண்டும் மௌனம். கை சுழலத் தொடங்கியதும் சுழலும் வேகத்துக்கு ஏற்ப அவற்றின் சத்தம் கூடும். வாள் எவ்வளவு கோணம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்லக் கலந்து மாறும். அதே வேளையில் அடியில் ஓடும் ரீங்காரம் சற்றுத் தணியும். கை நின்றால் வீச்சும் அங்கேயே அடங்கும். கோப்பு முடியும்வரை காத்திருக்கும் தொல்லை இல்லை.

இந்த நடத்தையைக் கட்டுப்படுத்தும் எண்கள் ஒரு சிறு எழுத்துக் கோப்பில் இருக்கும். புரொஃபி போர்டின் வழக்கமான அமைப்பில் விநாடிக்கு 450 பாகை வேகத்தில் வீச்சொலி உச்சத்துக்குப் போகும், விநாடிக்கு 20 பாகைக்குக் கீழான அசைவை அது வீச்சாகவே எடுத்துக்கொள்ளாது, ரீங்காரம் அதிகபட்சம் 75 சதவீதம் வரை தணியும். 450 என்பதை 300 ஆக்கினால் மென்மையான கைக்கும் முழு ஒலி கிடைக்கும். சிறு பிள்ளையிடம் கொடுக்கும் வாளில் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த எண்ணைத்தான்.

ஒரு போர்ட் இதைச் செய்யத் திணறும் இடம் மெமரி கார்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிவாள் ஒலிகள் வழக்கமாக விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், ஒரே தடம் என்ற அளவில் இருக்கும். அப்படியானால் ஒரு கோப்பை வாசிக்க விநாடிக்கு 88,200 பைட் வேண்டும். ரீங்காரம், தாழ்ந்த வீச்சு, உயர்ந்த வீச்சு, அதற்கு மேல் ஒரு மோதல் ஒலி என்று நான்கு சேர்ந்தால் விநாடிக்குச் சுமார் 350 கிலோபைட். இன்றைய கார்ட் எதற்கும் இது பெரிய வேகமில்லை. பிரச்சினை சராசரி வேகத்தில் இல்லை, இடையிடையே வரும் தாமதத்தில்தான். தரமற்ற கார்ட் சில கணங்கள் பதில் சொல்லாமல் இருந்துவிடும், அந்தக் கணத்தில் ஒலி திக்கும். வாள் திக்கினால் போர்டைக் குறை சொல்லும் முன் கார்டை மாற்றிப் பாருங்கள்.

அசைவும் மோதலும்

அசைவு உணரியில் இரண்டு பகுதிகள் உண்டு. சுழற்சி வேகத்தை அளப்பது ஜைரோ, திடீர் அதிர்வைப் பிடிப்பது முடுக்கமானி. வீச்சு ஜைரோவின் வேலை, மோதல் முடுக்கமானியின் வேலை. மோதலை உணரும் எல்லையைத் தாழ்வாக வைத்தால் வாளை வேகமாகத் திருப்பினாலே மோதல் ஒலி வந்துவிடும். சில கைப்பிடிகளில் ஸ்பீக்கரின் அதிர்வையே மோதல் என்று போர்ட் நினைத்துக்கொண்டு, ஒரு மோதல் இன்னொரு மோதலைக் கிளப்பி, நிற்காமல் 'டணார் டணார்' என்று அடிக்கும். இது போர்டின் பழுது அல்ல, ஒரு எண்ணை உயர்த்தினால் தீர்ந்துவிடும். அந்த எண்ணை மாற்ற உங்கள் போர்ட் இடம் தருகிறதா என்பதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி: அடியிலிருந்தா, அலகு முழுவதுமா

போர்ட் தெரிவு அலகின் தெரிவோடு பின்னிக் கிடக்கிறது. அலகு இரண்டு வகை.

முதல் வகையில் கைப்பிடியின் மேல்முனையில் ஒரே ஒரு சக்திவாய்ந்த எல்ஈடி இருக்கும். அலகு வெறும் பொலிகார்பனேட் குழாய், உள்ளே ஒளியைப் பரப்பும் மெல்லிய தாள். அலகு முழுவதும் எப்போதும் ஒரே நிறம். இழப்பதற்கு உள்ளே எதுவும் இல்லாததால் இதைப் பயமில்லாமல் அடிக்கலாம். குழாய் உடைந்தால் இன்னொரு குழாய், அவ்வளவுதான். 'ஆர்ஜிபி' என்று விற்கப்படுவது இதைத்தான்.

இரண்டாவது வகை பிக்சல் அலகு. இதில் குழாய்க்குள் முனைவரை எல்ஈடி பட்டை ஓடும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்விளக்குகள். பரவலாகப் பயன்படுவது டபிள்யூஎஸ்2812பி என்ற சிப். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் தனிக் கட்டுப்பாடு இருப்பதால் போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் சொல்லலாம். வாள் அடியிலிருந்து முனைக்கு வளர்ந்து எரிவது, ஓரிடத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டாக மின்னுவது, முனை மட்டும் உருகுவது போல் சிவப்பது எல்லாம் இதில்தான் முடியும். பார்க்க இதற்கு இணையே இல்லை, நான் அதை மறுக்கவில்லை.

தகவல் இந்தப் பட்டையில் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகிறது. ஒரு விளக்குக்கு 24 பிட், அதற்கு 30 மைக்ரோ விநாடி. 132 விளக்குகள் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 4 மில்லி விநாடி. கண்ணுக்கு இது தாராளமான வேகம். கைமாறிப் போவதால் ஒரு பலவீனமும் உண்டு. நடுவில் ஒரு விளக்கு செத்தால் அந்தப் பட்டையில் அதற்கு மேலே இருப்பவை எல்லாம் தாறுமாறாகும், அல்லது இருண்டுவிடும். பாதி அலகு இருண்ட வாளைப் பார்த்தால் போர்ட் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அலகுதான் குற்றவாளி. இன்னொரு அலகைப் பொருத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். முழு வெள்ளை நிறத்தில் ஒரு விளக்கு 60 மில்லிஅம்பியர் வரை இழுக்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டு பட்டைகளிலும் சேர்த்து 264 விளக்குகளுக்கு அது 15 அம்பியரைத் தாண்டுகிறது. அது 5 வோல்ட்டுக்கான கணக்கு. ஒளிவாளில் பற்றறி 3.7 வோல்ட் அளவில் இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். நீலமோ சிவப்போ மட்டும் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். 3000 மில்லிஅம்பியர்-மணி பற்றறி, சராசரி 6 அம்பியர் இழுவையில், கணக்குப்படி அரை மணி நேரம். வெள்ளை அலகு பிடித்தவர்கள் உதிரிப் பற்றறி ஒன்று வைத்திருப்பது நல்லது.

இனி போர்ட்கள்

ஆர்ஜிபி என்ற பெயரில் வருவது ஒரே போர்ட் அல்ல. பல தொழிற்சாலைகள் செய்யும் ஒரு குடும்பம் அது. பெரும்பாலானவற்றில் ஒலிகள் போர்டிலேயே பதிந்திருக்கும், மாற்ற முடியாது. ஸ்மூத் ஸ்விங் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதைக் கேட்டே வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கும், உண்மையாகவே வாளோடு வாள் மோதி விளையாடப் போகிறவர்களுக்கும் இதுவே சரியான தெரிவு. இதை மலிவுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலிமுகத்திடலில் மாலை நேரத்தில் இரண்டு பையன்கள் முழு வேகத்தில் அடித்து விளையாட வேண்டுமென்றால் பிக்சல் அலகைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நெஞ்சு படபடக்க நிற்பதில் என்ன பயன்?

எஸ்என்-பிக்சல், ஸீனோபிக்சல் இரண்டும் நடுவழி. இரண்டிலும் மெமரி கார்ட் உண்டு, ஸ்மூத் ஸ்விங் உண்டு, பிக்சல் அலகை இயக்கும். ஸீனோபிக்சலில் கார்டைக் கணினியில் போட்டு ஒலிக் கோப்புறைகளை மாற்றலாம், சில அமைப்புகளை எழுத்துக் கோப்பில் திருத்தலாம். அதன் மூன்றாம் பதிப்பில் புளூடூத்தும் வந்தது, போனிலிருந்தே நிறத்தையும் சத்தத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கையை முறுக்கினால் எரிவது, வீசினால் எரிவது போன்ற சைகைகளும் இருக்கின்றன.

எல்லை எங்கே வருகிறது என்றால், ஒளி விளைவுகள் அதைச் செய்தவர்கள் போட்டு வைத்த பட்டியலிலிருந்துதான். அதில் உள்ளதைத் தெரிவு செய்யலாம், இல்லாததை உருவாக்க முடியாது. மென்பொருள் மூடியது. ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே ரசிக்க வேண்டும், கணினியோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்பவர்களுக்கு இந்த எல்லை ஒரு வசதிதான். முதல் பிக்சல் வாளுக்கு நான் சொல்வது ஸீனோபிக்சல்.

புரொஃபி போர்ட் வேறு ஒரு உலகம். இது திறந்த மூலம். மென்பொருளின் பெயர் புரொஃபிஓஎஸ். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். இரண்டாம் பதிப்பில் 256 கிலோபைட் நிரல் நினைவகம் கொண்ட எஸ்டிஎம்32 சிப், மூன்றாம் பதிப்பில் அது 512 கிலோபைட். எண்கள் சின்னதாகத் தெரியலாம், ஆனால் இங்கே அது நேரடியாகப் பாதிக்கும். ஒளி விளைவுகள் எல்லாம் நிரலாக மாறி அந்த நினைவகத்துக்குள்தான் உட்கார வேண்டும். சிக்கலான விளைவுகளை அடுக்கிக்கொண்டே போனால் இரண்டாம் பதிப்பில் இடம் தீர்ந்துவிடும்.

புரொஃபியில் வாளின் குணம் முழுவதும் ஒரு அமைப்புக் கோப்பில் எழுதப்படுகிறது. எத்தனை சுவிட்ச், எத்தனை விளக்கு, மோதல் எல்லை எவ்வளவு, ஒவ்வொரு ஒலித்தொகுப்புக்கும் எந்த ஒளி என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை ஆர்டுயினோ மென்பொருளில் தொகுத்து யூஎஸ்பி வழியாகப் போர்டில் ஏற்ற வேண்டும். ஒளி விளைவுகளை இணையத்திலேயே வடிவமைத்துப் பார்க்கும் கருவிகள் இருப்பதால், நிரல் எழுதத் தெரியாதவர்களும் வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம். முழு வெள்ளையில் தொடங்கி விளிம்பில் ஊதா கசியும் அலகு, மழையில் பிடித்தது போல் பொறி தெறிக்கும் அலகு என்று மனதில் இருப்பதை அப்படியே கொண்டுவர இதுபோல் இடம் தரும் போர்ட் எனக்குத் தெரிந்து வேறில்லை. மோதல் எல்லை 1.0 ஆக இருந்து தொல்லை தந்தால் 3.0 என்று எழுதித் திரும்ப ஏற்றினால் போதும், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தப் போர்டிலும் கிடையாது.

ஆனால் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. போர்டில் ஏற்றிய அமைப்பை அதிலிருந்து திரும்ப எழுத்தாக எடுக்க முடியாது. வாள் வரும்போது விற்பவர் எழுதிய அமைப்புக் கோப்பு உங்களிடம் இல்லையென்றால், ஒரு சிறு மாற்றத்துக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டிவரும். யூஎஸ்பி கேபிளைச் செருகினால் மட்டும் போர்ட் இயங்காது, பற்றறியும் இணைந்திருக்க வேண்டும். கணினி போர்டைக் கண்டுகொள்ளவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். நம் வீடுகளில் கிடக்கும் பழைய கேபிள்களில் பல சார்ஜுக்கு மட்டுமே, தகவல் கம்பியே அவற்றில் இருக்காது. விண்டோஸ் கணினியில் ஒரு தடவை இயக்கி (டிரைவர்) மென்பொருளும் நிறுவ வேண்டும். இவ்வளவும் ஒரு ஞாயிறு மத்தியான வேலை. பொறுமை இருந்தால் இன்பமான வேலையும்கூட.

இவை தவிர, தாங்களே பொருத்துகிறவர்களின் உலகில் கிரிஸ்டல் ஃபோகஸ், கோல்டன் ஹார்வெஸ்ட் ஆகிய பெயர்களும் காதில் விழும். பிரான்ஸைச் சேர்ந்த பிளெக்டர் லேப்ஸின் கிரிஸ்டல் ஃபோகஸ் இந்தத் துறையில் மூத்த பெயர்களில் ஒன்று. நிரல் தொகுக்காமல், மெமரி கார்டிலுள்ள எழுத்துக் கோப்புகளைத் திருத்தியே மிக நுணுக்கமாக அமைக்கலாம். முதல் வாளுக்கு இவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

கொழும்பில் வைத்துக்கொள்வது

இனி நம் ஊர் விஷயம். பல விற்பனையாளர்கள் பற்றறி இல்லாமல் அனுப்புவார்கள். காரணம் இருக்கிறது: தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பற்றறிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. எனவே பற்றறியை இங்கே தேட வேண்டிவரும். புறக்கோட்டையில் தேடினால் 18650 கிடைக்கும், ஆனால் உறையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல 18650 பெரும்பாலும் 2500 முதல் 3500 மில்லிஅம்பியர்-மணிக்குள் இருக்கும். 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். கொள்ளளவைவிட முக்கியமானது அது எத்தனை அம்பியர் பாதுகாப்பாகத் தரும் என்பது. பிக்சல் வாளுக்கு 10 அம்பியருக்கு மேல் தொடர்ந்து தரக்கூடியதையே வாங்குங்கள். டோர்ச் லைட்டுக்கு வாங்குவதைப் போல எடுத்துப் போட்டால் அலகு எரியும் அதே நொடியில் வோல்ட் சரிந்து போர்ட் அணைந்து மீண்டும் தொடங்கும். இதையும் பலர் போர்ட் பழுது என்றே நினைக்கிறார்கள். பற்றறியை மாற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

மெமரி கார்டும் அப்படித்தான். தெருவோரத்தில் வாங்காமல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடத்தில், உத்தரவாதத்தோடு, பேர் பெற்ற நிறுவனத்தின் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். 32 ஜிபிக்கு மேல் தேவையே இல்லை. கார்டை ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும். வாள் கைக்கு வந்த அன்றே கார்டில் இருப்பதை அப்படியே கணினியில் நகலெடுத்து வையுங்கள்.

வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொன்று. பிக்சல் அலகும் கைப்பிடியும் சிறு ஸ்பிரிங் ஊசிகளால் தொட்டுக்கொள்கின்றன. உப்புக்காற்று அந்த ஊசிகளின் பளபளப்பை மெல்லத் தின்னும். தொடுகை கெட்டால் அலகு நிறம் மாறித் துடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் அவ்வப்போது துடைத்து, பயன்படுத்தாதபோது அலகைக் கழற்றி, முனையை மூடி வைத்தால் போதும். கைப்பிடியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது, உள்ளே இருப்பது லித்தியம்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் போர்டில் சத்தத்தைக் குறைக்கும் வழியும், ஒலியில்லாமல் எரியவிடும் வழியும் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸீனோபிக்சலிலும் புரொஃபியிலும் இருக்கின்றன. மலிவான சில ஆர்ஜிபி போர்ட்களில் சத்தத்துக்கு ஓரிரு படிகள்தான். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதால் அந்தப் படிகளின் அருமை தெரியும்.

சோல்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அறிமுகமாக இருந்தால் கம்பி அறுந்தது, சுவிட்ச் போனது, ஸ்பீக்கர் கிழிந்தது எல்லாம் இங்கேயே தீரும். போன் திருத்தும் கடைகளில் இந்தக் கை உண்டு. ஆனால் போர்டையே பார்த்திராதவரிடம் கொடுக்கும்போது இணைப்பு வரைபடத்தையும் அச்சிட்டுக் கொடுங்கள். புரொஃபிக்கு அந்த வரைபடங்கள் பொதுவில் கிடைக்கின்றன, அடையாளமில்லாத ஆர்ஜிபி போர்டுக்குக் கிடைப்பது கஷ்டம். பற்றறியை முதலில் கழற்றிய பிறகே கைவைக்கச் சொல்லுங்கள்.

ஓடர் போடும் முன்

விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் பாதித் தெரிவு அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் வாங்கப்போகும் அதே போர்ட் உள்ள வாளை மிக மெதுவாக அசைத்து, வீச்சின் நடுவில் சட்டென நிறுத்தி ஒரு காணொளி கேளுங்கள். கை நின்றதும் ஒலியும் அடங்கினால் அது உண்மையான ஸ்மூத் ஸ்விங். கை நின்ற பிறகும் 'வூவ்' என்று இழுத்துக்கொண்டிருந்தால் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது பழைய வகை. பின்னணி இசை சேர்த்த காணொளியை ஏற்க வேண்டாம்.

போர்டின் பெயரோடு பதிப்பு எண்ணையும் கேளுங்கள். அலகின் வெளிவிட்டம் எவ்வளவு, பிக்சல் என்றால் ஊசி இணைப்பு எந்த வகை என்பதையும் கேளுங்கள், பின்னால் உதிரி அலகு வாங்க அது வேண்டும். பற்றறியைக் கழற்றி மாற்றலாமா அல்லது சோல்டர் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். கழற்ற முடிந்தால் நல்லது. சுங்கத்தில் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே விசாரித்து, அதையும் தபால் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டே ஆர்ஜிபியா பிக்சலா என்று முடிவெடுங்கள்.

புரொஃபி என்றால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு நிபந்தனை: அமைப்புக் கோப்பையும், எந்தப் புரொஃபிஓஎஸ் பதிப்பில் அதைத் தொகுத்தார்கள் என்ற விவரத்தையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அனுப்ப மறுப்பவரிடம் புரொஃபி வாங்காதீர்கள், அதே காசுக்கு ஸீனோபிக்சல் வாங்கி உதிரி அலகு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.